தேவசகாயம் பிள்ளை

புனித தேவசகாயம் பிள்ளை (ஏப்ரல் 23, 1712 - சனவரி 14, 1752) திருவிதாங்கூர் அரசில் வாழ்ந்த கத்தோலிக்க வேதசாட்சி ஆவார். இவரது இயற்பெயர் நீலகண்ட பிள்ளை. அரண்மனை அலுவலராக இருந்த இவர் 1745இல் கிறித்தவராகி, மூன்று ஆண்டுகள் சிறைத்துன்பத்துக்குப் பின் கொல்லப்பட்டார். 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். குருவோ துறவியோ அல்லாத இந்தியப் பொதுநிலையினர் ஒருவர் இந்நிலைக்கு உயர்த்தப்பட்டது அதுவே முதன்முறை.

வேதசாட்சி என்னும் சொல்

உரோமைப் பேரரசில் தொடக்கக் கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்ட காலத்தில், நம்பிக்கையை மறுதலிக்காமல் உயிர்துறந்தோர் 'சாட்சி' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் குறிக்கப்பட்டனர். தமிழ்க் கத்தோலிக்கர் இவர்களை வேதசாட்சி அல்லது மறைசாட்சி என்பர்.

பிறப்பும் பணியும்

தேவசகாயம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வாசுதேவன் நம்பூதிரி. தாய் தேவகி அம்மா. தாய்வழியில் நாயர் குடும்பத்தைச் சேர்ந்தவர். பத்மநாபபுரம் நீலகண்டசாமி கோயிலிலும், பின்னர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையிலும் பணியாற்றினார். மனைவி பார்கவி அம்மாள்.

மனமாற்றம்

1741இல் நடந்த குளச்சல் போரில் ஒல்லாந்தர் படை தோற்றது. அதில் சிறைப்பட்ட தெ லன்னாய், பின்னர் திருவிதாங்கூர் படையைப் பயிற்றுவித்தார். நீலகண்டர் அவருடன் நட்புக் கொண்டார். குடும்பத்தில் நேர்ந்த இழப்புகளால் மனம் தளர்ந்திருந்த நீலகண்டருக்கு, தெ லன்னாய் விவிலியத்தில் உள்ள யோபுவின் வரலாற்றைக் கூறித் தேற்றியதாக மரபு கூறுகிறது.

மே 14, 1745 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்ற விவிலியப் பெயரின் தமிழ் வடிவமாகத் 'தேவசகாயம்' என்னும் பெயர் இவருக்கு இடப்பட்டது. 'கடவுளே உதவி' என்பது அதன் பொருள். பார்கவி அம்மாளும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

சிறையும் மரணமும்

சாதி வேறுபாடு பாராமல் எல்லோருடனும் பழகியது அரண்மனையினரின் பகையை வளர்த்தது எனத் திருச்சபை வரலாறுகள் கூறுகின்றன. 1749 பிப்ரவரியில் இவர் கைது செய்யப்பட்டார். எருக்கம்பூ மாலை சூட்டி, எருமை மீது அமர்த்தி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். அடித்த காயங்களில் மிளகாய்ப்பொடி தேய்த்தனர். பெருவிளையில் மரத்தில் கட்டி வைக்கப்பட்டிருந்தபோது மக்கள் இவரைத் தேடி வந்தனர். பழைய நம்பிக்கைக்குத் திரும்ப இவர் இணங்கவில்லை.

சனவரி 14, 1752 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டில் எறியப்பட்ட உடலின் எச்சங்களைக் கிறித்தவர்கள் எடுத்து, கோட்டாறு தூய சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.

மாற்றுக் கருத்து

இவர் மதம் மாறியதற்காக அன்றி, அரசுக்கு எதிரான குற்றத்துக்காகவே தண்டிக்கப்பட்டார் எனச் சில வரலாற்றாய்வாளர் கருதுகின்றனர். தெ லன்னாய் கிறித்தவராக இருந்தே படைத்தலைவராக உயர்ந்தார் என்பது இங்குக் கருதத்தக்கது. எனினும் அவர் அயல்நாட்டவர். தேவசகாயமோ கோயில் தொடர்புடைய உயர்சாதிக் குடும்பத்திலிருந்து மதம் மாறியவர். 1756இல் கொச்சி ஆயர் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையிலேயே இவரது மரணம் பற்றிய குறிப்பு இடம்பெற்றது. திருச்சபை இம்மரணத்தை நம்பிக்கையின் பொருட்டு நேர்ந்ததாக ஏற்றுள்ளது.

புனிதர் பட்டம்

டிசம்பர் 2, 2012 அன்று நாகர்கோவிலில் 'அருளாளர்' பட்டமும், மே 15, 2022 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிசால் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. சாதியைக் குறிக்கும் 'பிள்ளை' என்னும் ஒட்டு, சாதி வேறுபாட்டை மறுத்த ஒருவருக்குப் பொருந்தாது எனப் பலர் வலியுறுத்தியதால், புனிதர் பட்ட நிகழ்வில் அது தவிர்க்கப்பட்டது.

நினைவிடங்கள்

* நட்டாலம் - பிறந்த ஊர்
* புலியூர்க்குறிச்சி - தாகத்தால் வாடிய இவர் முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்ததாக நம்பப்படும் முட்டிடிச்சான் பாறை
* காற்றாடிமலை - உயிர்நீத்த இடம்
* கோட்டாறு - கல்லறை