பழைய சூப்பர்சார்ஜருக்குப் புத்துயிர்

மோட்டார் காரில் ஒரு பாகம் தேய்ந்துவிட்டால் என்ன செய்கிறோம்? கடைக்குச் சென்று அதே எண்ணுள்ள புதிய பாகத்தை வாங்கி மாட்டுகிறோம். ஆனால் அந்தக் கார் 1930ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்த தொழிற்சாலை இன்று இல்லை, செய்தவர்களும் மறைந்துவிட்டனர். பாகத்தை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். "பழையதை அளந்து, அதே அளவில் இன்னொன்று செய்தால் போயிற்று!" என்று நீங்கள் கூறலாம். அது போதுமா என்பதை, சூப்பர்சார்ஜர் என்னும் கருவியின் வரலாற்றைக் கொண்டு பார்ப்போம்.

எஞ்சினின் திறன் அது குடிக்கும் பெட்ரோலை மட்டும் பொறுத்தது அன்று. 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டிய மட்டும் ஊற்றலாம். காற்றோ, வளிமண்டல அழுத்தம் தள்ளுகிற அளவுதான் உருளைக்குள் நுழையும். கூடுதலான காற்றை வலிந்து புகுத்தினால் கூடுதலான பெட்ரோலை எரிக்கலாம். இந்தப் பணியைச் செய்வதே சூப்பர்சார்ஜர். இவ்வெண்ணம் காரைப் போலவே பழமையானது. ஜெர்மனியின் காட்லீப் டைம்லர் 1885இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1921இல் டைம்லர் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் சூப்பர்சார்ஜர் பொருத்திய மெர்சிடிஸ் கார்களைக் காட்டியது.

ஆனால் இக்கருவியின் ஒரு வகை, கார் தோன்றுவதற்கு முன்பே பிறந்துவிட்டது. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் என்னும் ஊரில் ஃபிலாண்டர் ரூட்ஸ், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் கம்பளி ஆலை நடத்தி வந்தனர். ஆலைக்கு நீர்விசை தரும் கருவி ஒன்றை அவர்கள் மரத்தால் அமைத்ததாகவும், நீரில் மரம் உப்பியதால் அது இறுகிச் சிக்கிக்கொண்டதாகவும், செதுக்கிச் சரிசெய்து நீரின்றிச் சுழற்றியபோது அது காற்றை வேகமாக ஊதக் கண்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. 1860இல் காப்புரிமை பெற்ற அவர்களது ஊதுகருவி, இரும்பு உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று அனுப்பப் பயன்பட்டது. பின்னர் அதுவே சிறிய உருவில் கார் எஞ்சினுக்கும் வந்து சேர்ந்தது.

இதன் அமைப்பு எளியது. ஒரு கூட்டுக்குள் இரண்டு சுழலிகள் எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் எட்டு என்னும் எண்ணைப் போன்ற வடிவம் கொண்டது. கூட்டின் சுவருக்கும் சுழலிக்கும் நடுவே அகப்படும் காற்றை அவை மறுபுறம் கொண்டுபோய்த் தள்ளுகின்றன. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சுழலிகள் ஒன்றையொன்று தொடுவதில்லை, கூட்டையும் தொடுவதில்லை. அவற்றின் முனையில் உள்ள இரு பல்சக்கரங்களே அவற்றை முறை தவறாமல் சுற்ற வைக்கின்றன. நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதியே. அது மிகுந்தால் காற்று பின்னோக்கிக் கசியும். குறைந்தால் உலோகம் உலோகத்தோடு உரசி முழுக் கருவியும் பாழாகும்.

இவ்வகைக் கருவி பொருத்திய கார்களுள் புகழ்பெற்றது இங்கிலாந்தின் 'புளோவர் பென்ட்லி'. அதன் எஞ்சினில் நான்கு உருளைகள். ஒவ்வொன்றின் விட்டம் 10 செ.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 14 செ.மீ. கணக்கிட்டுப் பாருங்கள், மொத்தக் கொள்ளளவு 4,398 கன செ.மீ. வரும். ஆம்ஹெர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்த சூப்பர்சார்ஜரை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்து, கிராங்குத் தண்டிலிருந்து நேரே ஓட்டினார்கள். பந்தயக் காரின் திறன் 130 குதிரைத்திறனிலிருந்து 240 ஆக உயர்ந்தது. நிறுவனர் டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு இது பிடிக்கவில்லை. திறன் வேண்டுமானால் பெரிய எஞ்சின் செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை. பந்தய வீரர் டிம் பர்க்கின்தான் பிடிவாதமாக நின்று இதைச் செய்வித்தார். 1930 லே மான்ஸ் பந்தயத்தில் இவ்வகைக் கார்கள் பாதியில் நின்றுபோயின. சூப்பர்சார்ஜர் இல்லாத பெரிய பென்ட்லியே வென்றது. அதே ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் பர்க்கின் இரண்டாம் இடம் பெற்றார். மொத்தம் 55 கார்களே செய்யப்பட்டன. 1931இல் நிறுவனம் நொடித்து, ரோல்ஸ் ராய்ஸின் கைக்குச் சென்றது.

அந்த 55இல் ஒன்றின் சூப்பர்சார்ஜர் பழுதானால் என்ன செய்வது? பேரிங்குகளுக்குப் பொதுவான அளவுகள் உண்டு. அதனால் ஈடான புதியவை பெரும்பாலும் கிடைத்துவிடும். சுழலியும் கூடும் அப்படியல்ல. இங்கே மூன்று தடைகள் எதிர்ப்படும்.

முதலாவது, தேய்ந்த பாகத்தை அளந்தால் தேய்ந்த அளவே கிடைக்கும். அதைப் பார்த்து அப்படியே செய்தால் தேய்மானத்தையும் சேர்த்துப் புதிதாகச் செய்தவர்களாவோம். ஆகவே உரசாத பகுதிகளைத் தேடி அளக்கவேண்டும். இரு அச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கண்டு, வடிவியல் துணையுடன் முதல் வடிவத்தைக் கணிக்கவேண்டும்.

இரண்டாவது, பழைய பாகத்தையே மாதிரியாக மணலில் பதித்து அலுமினியக் கலவையை வார்த்தால், புதியது சிறுத்துவிடும். உருகிய உலோகம் உறைந்து குளிரும்போது ஏறத்தாழ 1.3 விழுக்காடு சுருங்குகிறது. 300 மி.மீ. நீளத்தில் இது சுமார் 4 மி.மீ. ஆகும். அதனால்தான் வார்ப்படத் தொழிலாளர் மாதிரியைப் பெரிதாகச் செய்து, வார்த்தபின் கடைந்து அளவுக்குக் கொண்டுவருவர்.

மூன்றாவது, வெப்பம். 100 மி.மீ. அலுமினியம் 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் 0.23 மி.மீ. நீளும், எஃகு 0.12 மி.மீ. தான் நீளும். வெளிக்காற்று பட்டுக் குளிரும் கூடு 50 டிகிரி மட்டுமே சூடேறுவதாகக் கொண்டால், சுழலிக்கும் கூட்டுக்கும் உள்ள வேறுபாடு 0.115 மி.மீ. தலைமயிரின் பருமன் அளவுதான் இது. ஆனாலும் குளிர்ந்த நிலையில் அதற்கு இடம் விட்டிருக்காவிட்டால், ஓடும்போது சுழலி இறுகிவிடும். மலிவு கருதியோ வலிமை கருதியோ உலோகத்தை மாற்றினால் இந்தக் கணக்கு முழுதும் மாறும். நீரில் உப்பிய மரக் கருவி தந்த பாடமும் இதுவே அல்லவா?

2019இல் இன்றைய பென்ட்லி நிறுவனம் பர்க்கின் அணியின் 1929ஆம் ஆண்டுக் கார் ஒன்றைப் பிரித்து, பாகம் பாகமாக லேசர் கதிரால் அளந்தது. அதைக் கொண்டு கணிப்பொறியில் வடிவங்கள் அமைத்து, அதே வகையில் 12 புதிய கார்களை விற்பனைக்குச் செய்தது. முன்னோட்டமாகச் செய்த கார் 2020இல் முடிந்தது. லேசர் மில்லிமீட்டரின் சிறு பகுதியையும் அளக்கும். ஆனால் எது தேய்மானம், எது வேண்டுமென்றே விட்ட இடைவெளி என்று அதற்குத் தெரியாது. அதை மனிதர்தாம் முடிவு செய்யவேண்டும்.

சூப்பர்சார்ஜரில் பணிபுரிவது உலோகம் மட்டுமன்று, நடுவே விடப்பட்ட வெற்றிடமும்தான். பாகம் தொலைந்தால் இன்னொன்று செய்யலாம். இடைவெளி எவ்வளவு என்ற குறிப்பு தொலைந்தால் அதை மீண்டும் கண்டறிவது கடினம். பிரித்துப் போட்டபின் அதற்குச் சான்றும் இராது. ஆகவே மாணவர்களே, பழைய இயந்திரம் எதையேனும் திறக்க நேர்ந்தால், திருப்புளியை எடுக்குமுன் அளவுகோலையும் குறிப்பேட்டையும் எடுங்கள். நூறு ஆண்டுகளுக்குப் பின் அதைச் செப்பனிட வருபவருக்கு உங்கள் குறிப்பேடே உதிரிப்பாகமாக அமையும்.