துபாஷி உத்தியோகத்துக்கு ஒரு பேட்டி

வேலைக்கு ஆள் எடுத்தவர்கள் எழுதி வைத்த குறிப்புகள் உலகத்தில் ஏராளம். வேலையை எதிர்பார்த்து நின்றவர், காத்திருந்த நாட்களில் கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தது அபூர்வம். புதுச்சேரிக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைத்திருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ஆம் ஆண்டு முதல் எழுதிவந்த நாட்குறிப்பைத்தான் சொல்கிறேன். யுத்தங்களையும் நவாபுகளையும் அறிய அதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கோ அது, ஓர் உத்தியோகத்துக்காகக் காத்திருந்த மனிதரின் கதை.

அந்த உத்தியோகம், பிரெஞ்சுக் கம்பெனியின் பெரிய துபாஷி. துபாஷி என்றால் இரண்டு பாஷை அறிந்தவர் என்று அர்த்தம். ஆனால் மொழிபெயர்ப்பு அவர் வேலையில் ஒரு பகுதிதான். கப்பலில் வந்திறங்கும் ஐரோப்பியச் சரக்கை உள்ளூர் வர்த்தகர்களிடம் விலை பேசி விற்க வேண்டும். கப்பல் திரும்புவதற்குள், அதே வர்த்தகர்களிடம் முன்பணம் கொடுத்துத் துணி மூட்டைகளை வாங்கிச் சேர்க்க வேண்டும். சொன்ன கெடுவில் துணி வராவிட்டால் அவர்தான் ஜவாப்தாரி. இந்தக் காலத்து ஸேல்ஸ் மானேஜரையும் கொள்முதல் மானேஜரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்து, ஊர்ப் பெரியதனத்தையும் அவர் தலையில் ஏற்றினால் எப்படி இருக்கும்? அவர்தான் பெரிய துபாஷி.

கௌரவமான இடந்தான், ஆனால் கத்தி தொங்கும் இடமும்கூட. பிள்ளையவர்களின் மாமா நைனியப்பப் பிள்ளை அந்தப் பதவியில் இருந்தவர். அவர் கிறிஸ்தவர் அல்லர் என்பது சேசு சபைப் பாதிரிமாருக்குப் பெரிய குறை. 1716-இல் கவர்னர் எபேர் காலத்தில் அவர்மேல் வழக்கு வந்தது. சொத்தைப் பறித்தார்கள், கடைவீதியில் ஐம்பது அடி என்று தீர்ப்பளித்தார்கள், மூன்று வருஷம் சிறை என்றார்கள். மறு வருஷமே அவர் சிறையில் இறந்து போனார். மகன் குருவப்பப் பிள்ளை விட்டுவிடவில்லை. பிரான்சுக்கே கப்பலேறிப் போய் நியாயம் கேட்டார். தகப்பனார் மேல் விழுந்த பழி நீங்கியது. அவர் அங்கே ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பி வந்து, தகப்பனாரின் பதவியிலேயே அமர்ந்தார். 1724-இல் அவரும் காலமானார். பதவி, கிறிஸ்தவரான கனகராய முதலியாரிடம் போய்ச் சேர்ந்தது.

மாமாவுக்கு வழக்கு வந்தபோது ரங்கப்பிள்ளை ஏழு வயதுச் சிறுவர். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அந்த நாற்காலியைக் கண்டு ஓடியிருக்க வேண்டும் அல்லவா? அவர் ஓடவில்லை. பறிக்கப்பட்டதைத் திரும்பப் பெறுவது குடும்ப கௌரவம் என்று நினைத்தாரோ என்னவோ!

1746 பிப்ரவரி 12-ஆம் தேதி கனகராய முதலியார் காலமானார். அவருடைய ஒரே மகன் முன்பே இறந்துவிட்டான். அப்போது ரங்கப்பிள்ளைக்கு வயது முப்பத்தாறு. யோக்கியதைக்குக் குறைவில்லை. பரங்கிப்பேட்டையில் கம்பெனி வியாபாரத்தைக் கவனித்தவர். ஐரோப்பியச் சரக்கைக் கொடுத்து உள்நாட்டுச் சரக்கை வாங்க, லாலாப்பேட்டையிலும் ஆர்க்காட்டிலும் கிடங்குகள் ஏற்படுத்தியவர். கவர்னர் தூப்ளேக்கு அவரிடம் நம்பிக்கையும் இருந்தது. இவ்வளவும் இருந்தால் மறுநாளே உத்தரவு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஏனென்றால், விசாரணை திறமையைப் பற்றியதாக இல்லை. இறந்தவருக்குத் தம்பி இருந்தார். கிறிஸ்தவரே வேண்டும் என்று பாதிரிமார் வற்புறுத்தினார்கள். மதாம் தூப்ளேயின் விருப்பமும் அதுவே. அந்த அம்மாள் புதுச்சேரியில் பிறந்தவர். தமிழ் பேசத் தெரிந்தவர். கவர்னர் வீட்டிலேயே இரண்டு பாஷை அறிந்தவர் இருக்கும்போது துபாஷியின் நிலைமை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! அவர் காதுக்கு எட்டாமல் ஒரு தமிழ் வார்த்தையும் துரையிடம் போக முடியாது. “உன்னால் விற்க முடியுமா?” என்பது கேட்கப்பட்ட கேள்வி. “நீ எங்களைச் சேர்ந்தவனா?” என்பது கேட்கப்படாமலே தீர்மானிக்கப்பட்ட கேள்வி.

இந்த இரண்டாவது கேள்வி இன்னும் சாகவில்லை. எழுத்தை நம்பி வாழத் துணிவதற்கு முன்பு, விற்பனை உத்தியோகம் ஒன்றுக்கு நானும் பேட்டிக்குப் போனதுண்டு. கம்பெனியின் பெயர் வேண்டாம். கடலூர் முதல் திண்டிவனம் வரை எந்தெந்தக் கடைக்காரர்களைத் தெரியும் என்று கேட்டு, பெயர்களையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பிறகு என் சொந்த ஊரையும், யாருடைய சிபாரிசு என்பதையும் விசாரித்தார்கள். “சொல்லி அனுப்புகிறோம்” என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. பெயர்கள் மட்டும் அவர்களிடம் தங்கிவிட்டன. விற்பனை வேலையில் ஒருவனுக்குச் சொத்து என்பது அவனுக்குத் தெரிந்த மனிதர்கள்தாம். அதைப் பேட்டியிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றால், வேலை கொடுக்க என்ன அவசரம்?

ரங்கப்பிள்ளையிடம் கம்பெனி வாங்கிக்கொண்டது அதைவிட அதிகம். பட்டம் இல்லாமலே பெரிய துபாஷியின் வேலைகள் அவர் தலையில் விழுந்தன. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னப்பட்டணத்தைப் பிடித்தார்கள். அடுத்த மாதமே ஆர்க்காட்டு நவாபின் படையோடு சண்டை வந்தது. அப்படிப்பட்ட வேளையில் வர்த்தகர்களையும் நவாபின் ஆட்களையும் அறிந்த ஒருவரைக் கம்பெனியால் இழக்க முடியாது. நியமனம் செய்யவும் மனம் வரவில்லை. வேலை இன்று, பட்டம் பிறகு! அவர் மதம் மாறவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. பகலில் உழைத்தார், யார் என்ன சொன்னார்கள், துரையின் முகம் எப்படி இருந்தது என்று தம் குறிப்பில் எழுதிவைத்தார். பேட்டி காண்கிறவர்கள்தாம் அபேட்சகரை எடை போடுவார்கள் என்று நினைக்கிறோம். இங்கே அபேட்சகரும் ஒரு தராசு வைத்திருந்தார்.

1747-இல் பதவி வந்தது. 1756-இல், தூப்ளேக்குப் பின் வந்த கவர்னர் லெய்ரி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போன அந்த நாட்களிலேயே பிள்ளை காலமானார். 1769-இல் கம்பெனியும் வியாபார உரிமையை இழந்தது.

அந்த நாட்குறிப்பு ஆங்கிலத்தில் பன்னிரண்டு பாகங்களாக, 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கத்தாரால் வெளியிடப்பட்டது. தூப்ளேயை ஆராய வருகிறவர்கள் இன்று யாரிடம் போய் நிற்கிறார்கள்? ஒரு வருஷத்துக்கு மேல் வாசலில் காக்க வைக்கப்பட்ட அந்தத் தமிழரிடந்தான்.