அமுக்கராவும் அத்தையின் கேள்வியும்

போன மாதம் பெங்களூரிலிருந்து அத்தை போன் பண்ணினார். மாமாவுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது. "ஏம்ப்பா, இங்க சயின்ஸ் இன்ஸ்டிட்யூட்ல அமுக்கரா மறதியைச் சரி பண்ணும்னு கண்டுபிடிச்சுட்டாங்களாமே? டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்திடட்டுமா?" யாரோ அனுப்பிய செய்தியாம். நிறுத்தாதீங்க அத்தை, படிச்சுட்டுச் சொல்றேன் என்று போனை வைத்தேன்.

ஒரு கட்டுரையைத் தேடிப் போனவன், ஒருவருடைய முப்பது வருஷ உழைப்பில் மாட்டிக்கொண்டேன். விஜயலட்சுமி ரவீந்திரநாத். 1996ல் பட்நாகர் விருது, 2010ல் பத்மஸ்ரீ. மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் முதல் இயக்குநர். அதற்கு முன்பும் பின்பும் பெங்களூர்தான்.

கதை நிம்ஹான்ஸில் தொடங்குகிறது. நாம் விழுங்கும் மாத்திரையை உடைத்து மாற்றுவது கல்லீரல், அங்குள்ள பி-450 என்சைம்கள் என்பது பாடப்புத்தகச் சங்கதி. மூளையில் அந்த என்சைம் இருந்தாலும் அளவு மிகக் குறைவு, அதனால் என்ன ஆகப்போகிறது என்பதே பலரின் எண்ணம். இவரும் நோய்க்குறியியல் நிபுணர் எஸ்.கே. சங்கர் உள்ளிட்ட குழுவும், இறந்தவர்களின் மூளைத் திசுவிலேயே அந்த என்சைம் வேலை செய்வதைக் காட்டி 1989ல் எழுதினார்கள். ஊருக்கே சமைக்கும் பெரிய அடுப்பு கல்லீரல் என்றால், மூளைக்குள்ளும் ஒரு சின்ன அடுப்பு எரிகிறது!

சின்ன அடுப்பால் என்ன? அல்பிரசோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்துக்கென்று நம் ஊரில் எத்தனை பெரியவர்கள் தலையணை அருகே வைத்திருக்கிறார்கள்! 2002லும் 2008லும் வந்த கட்டுரைகளில் இவர் குழு காட்டியது: கல்லீரல் அந்த மருந்தைப் பெரும்பாலும் வீரியம் குறைந்த பொருளாக்குகிறது. மூளையோ, வீரியமுள்ள பொருளை அதிகமாக உண்டாக்குகிறது. அப்படியானால் ரத்தத்தில் அளந்து பார்ப்பது முழுக்கதை ஆகாது. ஒரே மாத்திரை ஒருவரை ஏன் அப்படியே சாய்த்துவிடுகிறது, இன்னொருவரை ஏன் தொடக்கூட இல்லை என்பதற்கு ஒரு காரணம் இங்கேயும் இருக்கலாம். எனக்குக் கேட்டால் இவர் வேலையில் பெரியது இதுதான். இதை யாரும் அத்தைக்கு அனுப்பவில்லை.

கேசரிப் பருப்பையும் சொல்லிவிடுகிறேன். பஞ்ச காலத்தில் அதை மட்டுமே தின்ற ஏழைகளின் கால்கள் முடங்கின. அதிலுள்ள நச்சைப் பிரித்தெடுத்து 1964ல் வெளியிட்டவர்கள் இதே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராவ், அடிகா, சர்மா. அந்த நச்சு நரம்பணுவின் மைட்டோகாண்ட்ரியாவை முதலில் கெடுக்கிறது என்று 1990களில் நிம்ஹான்ஸில் காட்டியது இவர் குழு. ஒரே ஊர், முப்பது வருஷ இடைவெளி. கால் முடங்கிய கூலிக்காரர் எந்தக் கட்டுரையையும் மேற்கோள் காட்டப் போவதில்லை. 2005ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த எச்-இண்டெக்ஸில் அவருக்கு இடம் ஏது?

சரி, அமுக்கரா. 2012ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. அல்சைமர் வரும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளுக்கு அமுக்கரா வேரின் சாற்றை வாய்வழியாக 30 நாள் கொடுத்தார்கள். நடத்தைக் கோளாறு சரியானது, மூளையில் படிந்த அமிலாய்டும் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், சாறு வேலை செய்தது கல்லீரல் வழியாக. அங்கே எல்ஆர்பி என்ற புரதம் கூடி, அமிலாய்டை ரத்தத்திலிருந்து இழுத்து அப்புறப்படுத்தியது. கல்லீரலில் அந்தப் புரதத்தை அடக்கியதும் பலன் போய்விட்டது. கல்லீரலின் வேலையை மூளையில் தேடியவருக்கு, மூளை நோய்க்கு வழி கல்லீரலில் கிடைத்திருக்கிறது.

நல்ல ஆராய்ச்சி, சந்தேகமே இல்லை. ஆனால் கடைச் சூரணம் அந்தச் சாறு அல்ல, மாமா சுண்டெலியும் அல்ல. அமுக்கரா சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக மருத்துவ அறிக்கைகளும் வந்திருக்கின்றன. தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடலாம்.

ராத்திரி அத்தையைக் கூப்பிட்டு இதையெல்லாம் கால் மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எலிக்கா குடுத்தாங்க?"

"ஆமாம் அத்தை."

"சரி, லைன்ல இரு. மாமாவுக்கு மாத்திரை குடுக்கற நேரம், குடுத்துட்டு வந்துடறேன்."