மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா

மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா என்பது இந்தியாவின் உத்தராகண்டம் மாநிலத்தில், சமோலி மாவட்டத்தில் உள்ள ஓர் உயர்மலைப் பூங்கா ஆகும். இந்தியில் இது பூலோன் கி காட்டி என்று அழைக்கப்படுகிறது. இதன் பரப்பளவு 87.5 சதுர கிலோமீட்டர். 1982 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி, 2005 இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாகிய நந்தா தேவி தேசியப் பூங்காவுடன் சேர்க்கப்பட்டது. காட்டு மலர்களையும் விலங்குகளையும் காண நடைப்பயணம் மேற்கொள்வோரிடையே இது பெயர்பெற்ற இடமாகும்.

அமைவிடம்

பத்ரிநாத் செல்லும் சாலையில் உள்ள கோவிந்த்காட்டிலிருந்து காங்கரியா என்னும் சிற்றூருக்குச் செல்லும் மலைப்பாதையே பூங்காவுக்கான வழியாகும். காங்கரியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சீக்கியர்களின் புனிதத் தலமான ஹேம்குண்ட் சாகிபுக்கும், மற்றொன்று மலர்ப் பள்ளத்தாக்குக்கும் செல்கின்றன. பள்ளத்தாக்கின் நடுவே புஷ்பாவதி ஆறு ஓடுகிறது. இதன் நீர் காங்கரியாவுக்குக் கீழே பாய்ந்து, இறுதியில் அலக்நந்தா ஆற்றை அடைகிறது.

வரலாறு

1931 இல் 7,756 மீட்டர் உயரமுள்ள காமெட் சிகரத்தில் ஏறிய பிரித்தானிய மலையேற்றக் குழுவினர் பிராங்க் ஸ்மைத், எரிக் ஷிப்டன், ஹோல்ட்ஸ்வொர்த் ஆகியோர், திரும்பும் வழியில் பியூந்தர் கணவாயைக் கடந்து இப்பள்ளத்தாக்கை அடைந்தனர். ஸ்மைத் 1937 இல் மீண்டும் வந்து தங்கி, தாவரங்களையும் விதைகளையும் சேகரித்தார். 1938 இல் அவர் எழுதி வெளியிட்ட நூலின் பெயரே இப்பள்ளத்தாக்கின் பெயராக உலகெங்கும் பரவியது.

இதனால் ஸ்மைத் இவ்விடத்தைக் கண்டுபிடித்தார் என்று பல நூல்களில் எழுதப்படுகிறது. இது சரியன்று. பியூந்தர் ஊர் மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கோடையில் ஆடுகளை இங்கு மேய்த்து வந்தனர்.

1939 இல் தாவரங்களைச் சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் என்னும் பிரித்தானியப் பெண்மணி, மலைச்சரிவில் வழுக்கி விழுந்து இறந்தார். அவரது சகோதரி அமைத்த நினைவுக்கல் பள்ளத்தாக்கினுள் இன்றும் உள்ளது.

மலர்கள்

இங்கு சுமார் 500 வகைப் பூக்கும் தாவரங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. ஆண்டின் பெரும்பகுதி பனி மூடியிருப்பதால், முளைத்தல், பூத்தல், விதைத்தல் ஆகிய அனைத்தும் சில மாதங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. எனவே காணக்கூடிய மலர்கள் மாதத்துக்கு மாதம் வேறுபடுகின்றன.

சூன்: பனி உருகிய இடங்களில் பிரிமுலா, அனிமோன் போன்ற குட்டையான செடிகள் முதலில் பூக்கின்றன. காங்கரியாவை அடுத்த காட்டுப் பகுதியில் நாகப்பாம்பு படமெடுத்தாற்போல் தோன்றும் அரிசேமா செடியைக் காணலாம்.

சூலை, ஆகத்து: மழைக்காலமாகிய இதுவே மலர்கள் மிகுந்த பருவம். காசித்தும்பைக்கு உறவான உயரமான இளஞ்சிவப்பு மலர்ச்செடிகள் சரிவுகளை மூடுகின்றன. இவற்றின் முற்றிய காய்கள் தொட்டவுடன் வெடித்து விதைகளைச் சிதறச் செய்யும். ஜெரேனியம், பொட்டென்டில்லா ஆகியவை புல்வெளிகளிலும், முள் நிறைந்த நீலக் கசகசா பாறைச் சரிவுகளிலும், எப்பிலோபியம் ஆற்றங்கரைக் கூழாங்கற்களிடையேயும் பூக்கின்றன.

செப்டம்பர்: மலர்கள் குறைந்து, இலைகள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறுகின்றன. அரிசேமாவின் சிவந்த காய்க்கொத்துகள் இக்காலத்தில் தென்படும்.

உத்தராகண்டத்தின் மாநில மலரான பிரம்ம கமலம் இதைவிட உயரமான இடங்களில் வளர்வது. பள்ளத்தாக்கின் நடைபாதையை விட ஹேம்குண்ட் செல்லும் பாதையின் மேற்பகுதியிலேயே இதை எளிதாகக் காணலாம். பெயரில் கமலம் இருப்பினும் இது தாமரை அன்று. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் வீடுகளில் வளர்க்கப்பட்டு இரவில் பூக்கும் நிஷாகந்தியும் பிரம்ம கமலம் என்றே அழைக்கப்படுகிறது. ஆனால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளி வகையாகும். இரண்டுக்கும் தொடர்பு இல்லை.

விலங்குகளும் பறவைகளும்

பனிச்சிறுத்தை, கத்தூரி மான், இமாலயக் கருங்கரடி, நீலச் செம்மறி, செந்நரி ஆகியவை இப்பூங்காவில் வாழ்கின்றன. இமாலய வரையாடும் இங்குண்டு. இதுவும் தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாடும் முன்பு ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. 2005 இல் வெளியான மரபணு ஆய்வுக்குப் பின் நீலகிரி வரையாடு தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது.

பார்வையாளர்கள் நடமாடும் பகல் நேரத்தில் பெரும்பாலான பாலூட்டிகள் பாதையை விட்டு விலகியே இருக்கும். எனவே நடைப்பயணிகள் விலங்குகளை நேரில் காண்பதைக் காட்டிலும், அவற்றின் காலடித் தடம், எச்சம், மரப்பட்டையில் கரடியின் நகக்கீறல் போன்ற அடையாளங்களையே மிகுதியாகக் காண்கின்றனர். எலியையும் முயலையும் ஒத்த பிக்கா என்னும் சிறு விலங்கு பாறை இடுக்குகளில் அடிக்கடி தென்படும். மாநிலப் பறவையான மோனல் அலகால் மண்ணைக் கிளறிக் கிழங்குகளைத் தின்பதால், கிளறிய மண் அது இருந்ததற்கு அடையாளமாகிறது. வானில் தாடிப் பாறு வட்டமிடுவதையும் காணலாம்.

நடைப்பயணம்

பூங்கா வழக்கமாக சூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். வனத்துறையின் அனுமதிச் சீட்டுப் பெற்றுக் காலையில் நுழைபவர்கள் மாலைக்குள் காங்கரியா திரும்பிவிட வேண்டும். உள்ளே இரவு தங்குதலுக்கும் மலர்களைப் பறித்தலுக்கும் அனுமதி இல்லை. பாதையை விட்டு விலகி நடந்தால் மிதிபடும் செடி அவ்வாண்டு விதை விடாமற் போகக்கூடும். 2013 சூன் மாத வெள்ளத்தில் கோவிந்த்காட் பாலமும் மலைப்பாதையின் பகுதிகளும் அழிந்தன. பின்னர் இவை மீண்டும் அமைக்கப்பட்டன.

மேய்ச்சல் தடையும் விவாதமும்

1983 இல் பூங்காவினுள் கால்நடை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. இதனால் பியூந்தர் மக்கள் தமது கோடைக்கால மேய்ச்சல் நிலத்தை இழந்தனர். அவர்களுள் பலர் இன்று காங்கரியா வரும் பயணிகளைச் சார்ந்த விடுதி, கடை, சுமை தூக்குதல் ஆகிய தொழில்களில் ஈடுபட்டுள்ளனர்.

தடைக்குப் பின்னர் பாலிகோனம் பாலிஸ்டாக்கியம் என்னும் வெண்ணிற மலர்களையுடைய செடி பள்ளத்தாக்கில் பரவியது பிரச்சினையாக எழுந்தது. இது அயல்நாட்டுச் செடி அன்று, இமயமலைக்கே உரியது. ஆயினும் அடர்ந்து உயரமாக வளர்வதால் குட்டையான செடிகளுக்கு ஒளியும் இடமும் கிடைக்காமற் செய்கிறது. ஆடுகள் இதன் தளிரை மேய்ந்ததாலேயே முன்பு இது கட்டுக்குள் இருந்தது என்றும், ஸ்மைத் வியந்த பள்ளத்தாக்கு மேய்ச்சல் நடந்துகொண்டிருந்த பள்ளத்தாக்கே என்றும் ஒரு சாரார் வாதிடுகின்றனர். மந்தைகள் அடைக்கப்பட்டு எருவேறிய பழைய பட்டி நிலங்களிலும், மண்சரிவும் பனிச்சரிவும் குலைத்த இடங்களிலுமே இச்செடி மிகுதியாக உள்ளது என்பதும், எஞ்சிய பகுதிகளில் தடை மலர்களுக்கு நன்மையே செய்தது என்பதும் மற்றொரு சாராரின் வாதம். வனத்துறை இச்செடியைப் பிடுங்கி அகற்றும் பணியை மேற்கொண்டு வருகிறது. வேரின் துண்டுகள் மண்ணில் தங்கினாலும் இது மீண்டும் முளைக்கும் என்பதால், ஒரே இடத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து இப்பணியைச் செய்ய வேண்டியுள்ளது.