தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனை

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகளைச் சேர்ந்த சபைகள் ஒரே திருச்சபையாக இணைந்தன. 1919இல் தரங்கம்பாடியில் பேராயர் வே. ச. அசரியாவும் மற்றவர்களும் இணைப்புக்காக விடுத்த அறைகூவலிலிருந்து இதற்கு 28 ஆண்டுகள் பிடித்தன. அசரியா 1945இல் மறைந்துவிட்டதால் இணைப்பைக் காண அவர் இல்லை.

சபைகள் இணைந்தாலும் ஆராதனை முறைகள் இணையவில்லை. ஒரு கிராமத்தில் அச்சிட்ட ஜெபப்புத்தகத்தை வைத்து ஆராதனை நடந்தது. அடுத்த ஊரில் ஆயர் மனத்தில் எழுந்தபடி ஜெபித்தார். மனச்சாட்சிக்கு ஒவ்வாத முறையை எந்தச் சபைமேலும் திணிப்பதில்லை என்று அமைப்புச் சட்டம் உறுதி கூறியது. அந்த உறுதி காக்கப்பட்டது என்பதே இந்த வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்கது. திருவனந்தபுரத்தில் இறையியல் பணியாற்றிய லெஸ்லி பிரவுனின் பொறுப்பில் இயங்கிய வழிபாட்டுக் குழு புதிய திருவிருந்து முறைமையை எழுதியது. 1950இல் மதுரையில் கூடிய சினாடில் (திருச்சபைப் பேரவையில்) அது முதன்முதலாகப் பயன்பட்டது. விரும்பிய சபைகள் ஏற்கலாம், மற்றவை பழைய முறையிலேயே தொடரலாம் என்ற ஏற்பாட்டோடுதான் அது சபைகளுக்குச் சென்றது.

இந்த முறைமையில் ஆயத்தம், தேவவசனம், அப்பம் பிட்குதல் என மூன்று பகுதிகள். ஆயர் மேசைக்குப் பின்னால் நின்று சபையைப் பார்த்தபடி நடத்துகிறார். அப்பமும் திராட்சரசமும் காணிக்கையோடு மக்கள் நடுவிலிருந்து கொண்டுவரப்படுகின்றன. நன்றி ஜெபத்தின் இடையே சபையார் ஒன்றாகக் குரல் கொடுக்கிறார்கள். அவர்கள் சொல்லும் வாசகத்துக்கு மூலம் சிரியன் மரபு. சமாதானம் பரிமாறும் வழக்கமும் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்ததே. ஆயரிடம் தொடங்கும் சமாதானம் கையிலிருந்து கைக்கு வழங்கப்பட்டுக் கடைசி வரிசைவரை போகிறது. சாதிவாரியாக உட்கார்ந்து பழகிய சபைகள் இருந்த நாட்டில் அடுத்திருப்பவரின் உள்ளங்கையைத் தொடும் இந்தச் சடங்கு சிறிய காரியமல்ல. திருவிருந்துப் பாத்திரத்தைச் சுற்றி எழுந்த பழைய இறையியல் சர்ச்சைகளைவிட இது ஆழமாகத் தைத்தது என்றே சொல்ல வேண்டும்.

திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கான முறைமைகளும் சேர்ந்த பொது ஆராதனை நூல் 1963இல் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டுச் சீர்திருத்த ஆவணத்தை வெளியிட்டது. சபையை நோக்கி நிற்கும் குருவும் மக்களின் பங்கேற்பும் உலகெங்கும் பரவிய காலம் அது. ஆங்கிலிக்கன் சபைகள் பல, தங்கள் புதிய முறைமைகளில் சமாதானப் பரிமாற்றத்தைச் சேர்த்தபோது தென்னிந்தியாவை முன்மாதிரியாகக் கொண்டன. 1982இல் பெருவின் லிமா நகரில் திருமுழுக்கு, நற்கருணை, திருப்பணி பற்றி உலகச் சபைகளின் இறையியலாளர்கள் உடன்பட்ட ஆவணமும் ஒற்றுமைக்கான இதே தேடலின் விளைவு.

ஆனால் 1950இன் முறைமை முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பிறகே தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளத்துக்குப் போனது. சிரியன் வாடை இருந்த அளவுக்கு அதில் உள்ளூர் மண்வாடை இல்லை என்ற குறை நியாயமானதே. இக்குறைக்கு விடைபோல, மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டுகளில் முழு வழிபாட்டையே இயற்றினார். தலித் மக்களின் இசையும் பேச்சுத் தமிழும் அதில் ஒலித்தன. எல்லோரும் ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்பதே திருவிருந்து என்று அவர் கற்பித்தார்.