கோடும் நாயனமும்

நாயனம் கேட்டு வளர்ந்த காதுக்குப் பியானோ சற்று மரக்கட்டை மாதிரிதான் இருக்கும். படிப்படியாக ஏறலாம், இறங்கலாம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கிப் போக அதில் வழி கிடையாது. அப்படியிருந்தும் சென்ற மாதம், திருநெல்வேலி வீட்டில், அப்பாவைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு ஒரு பியானோ இசைத்தட்டை முழுக்கக் கேட்டேன்.

வாசித்தவர் விஜய் ஐயர். 1971-இல் அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். கணிதமும் பௌதிகமும் படித்துவிட்டு ஜாஸ் சங்கீதத்தில் இறங்கியவர். மைக் லாட் என்ற கவிஞரின் வார்த்தைகளோடு சேர்ந்தும் வாசித்திருக்கிறார். 2016-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூஸியம் நஸ்ரீன் முகமதியின் சித்திரங்களைக் காட்சிக்கு வைத்தது. அதையொட்டி விஜய் ஐயரும், வாடாடா லியோ ஸ்மித் என்ற மூத்த டிரம்பெட் வித்வானும் ஏழு பகுதிகளாக வாசித்ததுதான் நான் கேட்டது. நஸ்ரீன் 1937-இல் கராச்சியில் பிறந்து, பரோடாவில் ஓவியம் கற்பித்து, 1990-இல் மறைந்தவர். அவருடைய பிற்காலச் சித்திரங்களில் ஆளும் இல்லை, மரமும் இல்லை. அடிக்கோல் வைத்து இழுத்த மெல்லிய கோடுகள். நெருங்கி வந்து, விலகி, எங்கோ ஓரிடத்தில் காணாமற்போகும் கோடுகள். வளையாத கோட்டுக்குச் சறுக்காத பியானோ நல்ல ஜோடி என்று எனக்குப் பட்டது. டிரம்பெட் மட்டும் மூச்சுக்குத் தக்கபடி வளைந்து கொடுத்தது.

அப்பாவின் அபிப்பிராயம் வேறு. "என்னடே, ராகம் எப்பம் ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. மனோதர்மத்தை அவருக்குக் கற்றுக் கொடுத்தது காருகுறிச்சி அருணாசலம். சேரன்மாதேவிக்குப் பக்கத்தில், மண்பானைக்குப் பேர்போன காருகுறிச்சியில் 1921-இல் பிறந்தவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கிற வித்தையா அது? அந்த நேரத்துக் காற்று, அந்த நேரத்துக் கூட்டம், உதட்டில் சீவாளி அன்றைக்குப் பேசுகிற பேச்சு, இவைதாம் அவருக்கு ஏடு. 1964-இல் போய்விட்டார். அவர் வாழ்ந்ததைவிட நான் இன்று மூத்தவன். ஊரெங்கும் தெரிந்தது 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் ஜானகியின் குரலோடு அவர் வாசித்த ஆபேரிதான். வேறு ஒலிப்பதிவுகளும் உண்டு. ஆனால் தாமிரவருணிக் கரைக் கல்யாணப் பந்தல்களில் வாசித்த ராத்திரிகளை யார் பிடித்து வைத்தார்கள்?

கவிதைக்கும் இங்கே அப்படியொரு பந்தல் இருந்தது. வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய வட்டத்தொட்டி. கம்பன் பாட்டு ஒன்றை எடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லி, பாடி, நிறுத்தி, மறுபடி எடுப்பாராம். ராக ஆலாபனையேதான், சுரத்துக்குப் பதில் சொல். 1954-இல் அவர் காலமானார். அவர் எழுதியவை புத்தகமாகக் கிடைக்கின்றன. அந்தக் குரலும் இடையிடையே விட்ட மௌனமும் கேட்டவர்களோடு போய்விட்டன. நஸ்ரீனுக்காவது காகிதம் இருந்தது.

தட்டு முடிந்ததும் அப்பா பழைய கதைக்குப் போனார். அம்பாசமுத்திரத்துக் கல்யாணம், காருகுறிச்சி தோடி எடுத்தது, அந்தச் சத்தம் ஆற்றுக்கு அக்கரை வரை போனது. நூறு தடவையாவது கேட்டிருப்பேன். இந்தத் தடவை, தோடி எத்தனை மணிக்கு முடிந்தது என்று கேட்டு வைத்தேன்.

"யாருக்குடே தெரியும்? சின்னப் பய; உங்க ஆச்சி மடியிலே தூங்கிட்டேன்" என்றார்.