காலுறையின் முனை

குளிர்காலம் வந்தால் கொல்கத்தாவின் வெலிங்டன் சதுக்கத்தை ஒட்டி மலைநாட்டு வியாபாரிகள் கம்பளிக் கடை விரிப்பார்கள். ஊரெங்கும் குரங்குக் குல்லா தலைகாட்டும். வீடுகளில் பின்னல் ஊசிகள் வெளியே வரும். மப்ளர் பின்னத் தெரிந்தவர் அடுத்து ஆசைப்படுவது காலுறைக்கு. கணுக்காலில் தொடங்கி, குதிகாலைத் திருப்பி, பாதம்வரை எப்படியோ வந்துவிடலாம். விரல் முனையில் கண்ணிகள் இரண்டு ஊசிகளில் எதிரெதிரே நிற்கும்போதுதான் கை தயங்கும். விரலை உறுத்தாமல் அதை மூட வேண்டும். அதற்கான தையலின் பெயர் கிச்சனர் தையல். அந்தக் கிச்சனர் கொல்கத்தாவில் குடியிருந்தவர்!

பழைய எகிப்தியருக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரில் கிடைத்த சிவப்புக் காலுறைகள் சுமார் 1,600 ஆண்டுப் பழையவை. செருப்பு வார் நுழையக் கட்டைவிரல் தனியே பிரிந்திருக்கும். எல்லாம் ஒற்றை ஊசி வேலை. சில நூற்றாண்டு கழித்து அதே நாட்டில் நீலமும் வெள்ளையுமாகப் பருத்திக் காலுறைகள் வந்தன. இவைதான் நாம் அறிந்த பின்னல். விரல் முனையில் தொடங்கி மேலே பின்னினார்கள். கலை ஐரோப்பாவுக்குப் போனதும் மேலிருந்து கீழே பின்னும் வழக்கம் ஊன்றியது. முனை கடைசிக்குப் போக, சிக்கல் பிறந்தது.

1589-ல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரம் செய்தார். கையால் பின்னிப் பிழைப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று முதலாம் எலிசபெத் ராணி காப்புரிமை தர மறுத்தார். லீ பிரான்ஸ் போனார். அங்கே அவரை ஆதரித்த மன்னர் நான்காம் ஹென்றி 1610-ல் கொலையுண்டார். லீயின் சகோதரர் இயந்திரங்களோடு இங்கிலாந்து திரும்ப, பிறகு அதைப் பார்த்துச் செய்தவர்கள் பணக்காரர்கள் ஆனார்கள்.

கொல்கத்தாவுக்குத் திரும்புவோம். வங்காளத்தில் காலுறைக்கு 'மோஜா' என்று பெயர். பெர்சிய மொழியின் 'மூஸா', அதாவது உயரக் காலணி, அதன் மூலம். நம் தாத்தாக்கள் சொன்ன மேஜோடும் அதன் உறவுதான். ஊசி வேலை வங்காளிப் பெண்களின் அந்தப்புரத்துக்குள் நுழைந்ததற்கு மிஷனரிகள் ஒரு கதை சொல்வார்கள். கொல்கத்தாவில் பிறந்த ஹன்னா கேத்தரின் மல்லன்ஸ் செருப்பில் பூவேலை செய்துகொண்டிருந்தார். வந்திருந்த வங்காளி கனவான் அதை வியந்து, என் மனைவிக்கும் கற்றுத்தர முடியுமா என்று கேட்டாராம்.

1893-ல் கிதிர்பூரில் தொடங்கியதே நாட்டின் முதல் பின்னலாடை ஆலை என்கிறது தொழில் வரலாறு. அதற்குப் பக்கத்தில்தான் வில்லியம் கோட்டை. 1902-ல் இந்தியப் படைத் தளபதியாக வந்த கிச்சனருக்குக் கோட்டைக்குள் மாளிகை. அவரோடு மோதிய வைஸ்ராய் கர்சன் 1905-ல் பதவி விலகினார். அதே ஆண்டு வங்கப் பிரிவினை, அந்நியத் துணிப் பகிஷ்காரம். உள்ளூர்ப் பின்னலுக்கு நல்ல காலம் பிறந்தது.

1914-ல் கிச்சனர் பிரிட்டனின் போர் அமைச்சர். முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சேற்றில் நிற்கும் சிப்பாய்களுக்காகப் பெண்கள் காலுறை பின்னினார்கள். முனைத் தையல் விரலைப் புண்ணாக்குகிறது என்று கேட்டு அவரே இந்த வழியைச் சொன்னதாகப் பேச்சு. நான் நம்பவில்லை, 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஒட்டு இருந்தது. மொட்டை ஊசியில் நூல் கோத்து, முன் கண்ணிக்குள்ளும் பின் கண்ணிக்குள்ளும் மாறி மாறி நுழைந்தால், நடுவில் புதிதாக ஒரு பின்னல் வரிசையே உருவாகிவிடும். இழுத்துப் பார்த்தாலும் இணைப்பு தெரியாது.

1925-ல் திருப்பூரிலும் பின்னல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. பனியனில் கொல்கத்தாவுக்கு இருந்த முதலிடம் பிறகு நம் ஊருக்கு வந்தது. இன்று கொல்கத்தாவின் டாலர், லக்ஸ் பனியன் நிறுவனங்களுக்கே திருப்பூரில் உற்பத்திக் கூடங்கள் உண்டு. கிச்சனரின் கோட்டை மாளிகையும் 2025-ல் இந்திய ராணுவத் தளபதி மானெக்‌ஷா பெயருக்கு மாறிவிட்டது.

முதல் ஜோடி பின்னுகிறவர்கள் முனைக்குப் பயந்து ஊசியை மூட்டை கட்டிவிட வேண்டாம். தடித்த கம்பளி நூல் எடுங்கள். பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து மூடுங்கள்.